ஒற்றை வெடியும் இடுப்புக் கத்தியும்

பதிவு கொஞ்சம் நீளம். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆறுதலாக வாசியுங்கள்.

போன கிழமை இஷாவுக்குப் பிறகு பள்ளிவாசல் முற்றத்தில் நாலைந்து பொடியன்மார் ஒரு போனைச் சுற்றி நின்றார்கள். எட்டிப் பார்த்தால் வேட்டை வீடியோ. வெளிநாட்டுக்காரர் ஒருவர் மலைச்சரிவில் குப்புறப் படுத்து, தொலைநோக்கி பூட்டிய ரைபிளால் வெறுங்கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் நின்ற மானைச் சுடுகிறார். அதற்கு முன் அவர் மாதக்கணக்கில் பழகியதையும் காட்டுகிறார்கள். ஓடிவந்து மூச்சு வாங்க வாங்கச் சுடுகிறார். கூட்டாளி காதருகில் நின்று கத்தக் கத்தச் சுடுகிறார். பத்துச் செக்கனுக்குள் சுடு என்று மணிக்கூடு வைக்கிறார்கள். காட்டில் மிருகம் முன்னால் வந்து நிற்கும்போது வரும் பதற்றத்துக்கு இப்போதே உடம்பைப் பழக்குகிறாராம்.

ஒரு பொடியன் திரும்பிக் கேட்டான்: "சேர், எங்கட மூத்தவாப்பாமார் எல்லாம் பெரிய வெடிகாரர் எண்டு சொல்றாங்களே, அவங்க எங்க போய்ப் பழகினாங்க?"

அந்த இடத்தில் எங்களிடம் பதில் இருக்கவில்லை. நாங்கள் புத்தளத்து ஓலைக் கொட்டிலில் பிறந்த தலைமுறை. வன்னிக் காட்டை முதலில் கதையாகக் கேட்டு, பிறகுதான் கண்ணால் கண்டவர்கள். அதனால் இந்தக் கிழமை முழுக்க ஊர்ப் பெரியவர்களிடம் போய் இருந்தோம், பழைய புத்தகங்கள் சிலதையும் புரட்டினோம். கிடைத்ததை இங்கே எழுதி வைக்கிறோம். முதலிலேயே ஒன்று: இன்று மான், மரை சுடுவது சட்டப்படி குற்றம். அனுமதி இல்லாத துவக்கு வைத்திருப்பதும் குற்றம். யாரையும் காட்டுக்குப் போகச் சொல்லி இந்தப் பதிவு இல்லை.

வன்னியில் எங்கள் ஆட்களின் வேட்டைக் கதை துவக்கிலிருந்து தொடங்குவதில்லை. அது கயிற்றிலிருந்து தொடங்குகிறது. 1859 இல் இலங்கையைப் பற்றி இரண்டு பெரிய பாகங்கள் எழுதிய எமர்சன் டெனன்ட், யானை பிடிக்கும் பணிக்கர்மாரைப் பற்றி விரிவாகச் சொல்கிறார். அவர்கள் தீவின் வடக்கிலும் வடகிழக்கிலும் உள்ள சோனகர் கிராமங்களில் இருப்பவர்கள் என்றும், நினைவுக்கு எட்டாத காலம் முதல் இதே தொழில் என்றும், பிடித்த யானைகள் தென்னிந்திய அரசர்களுக்கு விற்கப்பட்டன என்றும் எழுதியிருக்கிறார். இரண்டு பேர் தோலால் முறுக்கிய கயிற்றோடு யானையின் பின்னால் நடந்து, அது காலைத் தூக்கும் நேரம் பார்த்துச் சுருக்கைப் போட்டு, மறு நுனியை மரத்தில் சுற்றிவிடுவார்கள். கையில் வெடிமருந்து ஒரு சிட்டிகையும் இல்லை. ஒல்லாந்தர் காலத்தில் வன்னியர்கள் திறையாகக் கட்டியதும் யானைதான். ஆனையிறவு என்ற பெயரை நாங்கள் போர்க் கதையாக மட்டும் கேட்டு வளர்ந்தோம். அது யானைகளைக் கடல்நீரேரியால் இறக்கிக் கொண்டுபோன துறை.

மூன்று பாகம் தூரத்தில் யானை நிற்க, கை நடுங்காமல் சுருக்குப் போடுகிறவனுக்கு எந்த மணிக்கூடு வைத்துப் பயிற்சி கொடுப்பது? சின்ன வயதில் தகப்பனுக்குப் பின்னால் நடப்பதுதான் அவனுடைய பயிற்சி. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு திரும்ப வருகிறோம்.

துவக்கு பெருகியது வெள்ளைக்காரன் காலத்தில். அந்தக் காலத்துத் துரைமார் யானை சுடுவதை ஒரு விளையாட்டாக ஆக்கினார்கள். மேஜர் ரோஜர்ஸ் என்பவர் ஆயிரத்துக்கு மேல் யானைகளைச் சுட்டதாகக் கணக்கு. 1845 இல் ஹப்புத்தளையில் இடி விழுந்து செத்தார். அரசாங்கமும் யானைத் தலைக்கு இத்தனை ஷில்லிங் என்று சன்மானம் வைத்தது. 1848 க்கு முந்திய மூன்று வருடத்துக்குள், வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500 க்கு மேற்பட்ட யானைகள் கொல்லப்பட்டதாக அதே டெனன்ட் எழுதுகிறார். ஒரு பகுதியில் மட்டும்! இன்றைக்கு முழு இலங்கையிலும் உள்ள காட்டு யானைகளின் எண்ணிக்கையை ஆயிரக் கணக்கில், ஒற்றை இலக்கத்தில்தான் சொல்கிறார்கள்.

துரைமாரில் சாமுவேல் பேக்கர் தன் இலங்கை வேட்டைகளைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். நெஞ்சுரம் உள்ள மனிதன், சந்தேகமில்லை. யானை பத்துப் பதினைந்து அடிக்குள் வரும்வரை பொறுத்திருந்து நெற்றியில் சுடுகிறவர். ஆனால் அந்தப் பொறுமைக்குப் பின்னால் நின்றது என்ன என்று கவனித்து வாசியுங்கள். மருந்து அடைத்த இரட்டைக் குழல் துவக்குகள் பல. அவற்றைத் தூக்கிக்கொண்டு நிற்கும் கூலியாட்கள். ஒன்று வெடித்ததும் அடுத்தது கைக்கு வரும். துரை தவறினால் இன்னொரு வெடி இருந்தது. துவக்குத் தூக்கியவன் தவறினால் அவனுக்கு என்ன இருந்தது என்று யாரும் எழுதவில்லை.

எங்கள் வெடிகாரனிடம் இருந்தது ஒன்று. பெரும்பாலும் இடியன் துவக்கு. குழல்வாயால் மருந்தைப் போட்டு, தேங்காய்த் தும்பை வைத்து இடிகோலால் இடித்து, ஈயக் குண்டைப் போட்டு, மறுபடி தும்பு வைத்து இடித்து, பின்பக்கம் கேப்பு வைத்து, அதன் பிறகுதான் சுடலாம். இடித்து அடைப்பதால்தான் இடியன் என்ற பெயர் வந்திருக்க வேண்டும் என்பது எங்கள் ஊகம். ஒரு தரம் வெடித்தால் முன்னால் புகை மண்டும். அடுத்த வெடிக்கு மருந்து அடைத்து முடிப்பதற்குள் மரை அடுத்த குளத்து அலைகரைக்குப் போய்விடும். கரடியாக இருந்தால் அது போகாது, வரும். பாலைப்பழக் காலத்தில் காட்டுக்குப் போகிறவர்கள் சிறுத்தையை விடக் கரடிக்குப் பயப்படுவது இதனால்தான். மாரியில் மருந்து ஈரமாகிவிட்டால் கேப்பு மட்டும் 'டிக்' என்று வெடித்து, துவக்கு ஊமையாக நிற்கும். வசதியுள்ள கமக்காரர் சிலரிடம் அனுமதிப் பத்திரத்தோடு பன்னிரண்டாம் இலக்கத் துவக்கு இருந்தது. அதற்கும் தோட்டா காசு கொடுத்து வாங்க வேண்டும். வெடிக்கிற ஒவ்வொன்றும் வீட்டில் ஒரு செலவு.

ஆகவே பழகுவதற்கென்று வெடி வைப்பது நினைத்தும் பார்க்க முடியாத காரியம். அப்படியானால் எப்படிப் பழகினார்கள்? எங்கள் ஊரில் எண்பதைத் தாண்டிய ஒரு பெரியவர் சொன்னது இது. பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

"மூண்டு வருசம் துவக்கு என்ர கைக்கு வரேல்ல, மகன். பை தூக்கினன், தண்ணி தூக்கினன். ரத்தம் பார்த்துத் தடம் எடுக்கப் பழகினன். பிறகுதான் வெறுந்துவக்கத் தந்தாங்க."

வெறுந்துவக்கு என்றால் மருந்து இல்லாதது. அதைத் தோளில் வைத்துக் குறிபார்த்தபடி நிற்க வேண்டும். குழலின் நுனியில் ஒரு சதக் குத்தியை வைப்பார்களாம். விசையை இழுக்கும்போது குத்தி விழக் கூடாது. விழுந்தால் அன்றைக்கு வேட்டை இல்லை, பை தூக்குவதுதான். (இராணுவங்களிலும் இதே பயிற்சி இருக்கிறது என்று பிறகு அறிந்தோம். யார் யாரிடம் கற்றார்களோ.) ஓடுகிற மிருகத்துக்குப் பழகக் குளக்கட்டின் மேலிருந்து காய்ந்த தேங்காயை உருட்டிவிடுவார்கள். கீழே நிற்பவன் வெறுந்துவக்கைத் தேங்காயோடு சேர்த்து நகர்த்தி, அது குண்டுங்குழியில் துள்ளும்போதும் நுனியை விலக்காமல் கொண்டுபோக வேண்டும். உண்மையான வெடி என்றால் வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ. விதைப்புக்கு முன் துவக்கு சரியாக இருக்கிறதா என்று பார்க்க, முப்பது அடியில் பட்டுப்போன மரத்தில் சுண்ணாம்புப் பொட்டு வைத்துச் சுடுவது. சுட்டு முடிந்ததும் உளியால் கொத்தி ஈயத்தை எடுத்து மறுபடி உருக்குவது.

தேங்காய் உருட்டிய கதையைக் கேட்டபோது எங்களுக்கு ஒலிம்பிக் ஞாபகம் வந்தது. சிரிக்காதீர்கள். 1908 இல் லண்டனில் நடந்த ஒலிம்பிக்கில் 'ஓடும் மான்' என்று ஒரு போட்டி இருந்தது. மான் வடிவில் செய்த இலக்கு தண்டவாளத்தில் சில செக்கன்களுக்குள் ஓடி மறையும். சுமார் 100 மீற்றர் தூரத்திலிருந்து, ஒரு ஓட்டத்துக்கு ஒரு வெடி. வென்றவர் சுவீடனைச் சேர்ந்த ஒஸ்கார் ஸ்வான், அப்போது வயது 60. அதே மனிதர் 1920 இல் தன் 72 ஆவது வயதில் மறுபடி வந்து குழுப் போட்டியில் வெள்ளிப் பதக்கம் எடுத்தார். இன்றுவரை ஒலிம்பிக் பதக்கம் வென்றவர்களில் மிக வயதானவர் அவர்தான். அங்கே தண்டவாளம், இங்கே குளக்கட்டு.

ஆனால் பெரியவர் சொன்னதில் எங்களை நிறுத்தியது தேங்காய் அல்ல. "வெடி வைக்கிறது லேசு. அதுக்குப் பிறகுதான் வேல" என்றார். இடுப்பைத் தொட்டுக் காட்டினார். கத்தி.

இந்த இடம்தான் எங்கள் வேட்டை மற்றவர்களின் வேட்டையிலிருந்து பிரிகிற இடம். வேட்டைப் பிராணியைப் பற்றிய சட்டம் சூரத்துல் மாயிதாவில் இருக்கிறது. பயிற்சி பெற்ற வேட்டை மிருகம் பிடித்ததை அல்லாஹ்வின் பெயர் சொல்லி உண்ணலாம். அடிபட்டுச் செத்தது ஹராம். அதிய்யிப்னு ஹாதிம் (ரழி) அவர்கள் நபியவர்களிடம் (ஸல்) வேட்டை அம்பைப் பற்றிக் கேட்டபோது, கூர் முனை குத்தினால் உண்ணலாம், அகலப் பக்கம் அடித்துக் கொன்றால் உண்ண வேண்டாம் என்று பதில் வந்தது. பிறகு துவக்கு வந்தது. ஈயக் குண்டு குத்துகிறதா, அடிக்கிறதா? உலமாக்கள் நெடுங்காலம் விவாதித்த கேள்வி இது. தோட்டா துளைத்துச் செல்வதால் அது அம்பின் கூரைப் போன்றதே என்று, 1834 இல் வபாத்தான யெமன் நாட்டு இமாம் ஷவ்கானி போன்றவர்கள் சொன்னார்கள். ஷாஃபிஈ மத்ஹபின் பழைய நிலைப்பாடு அதுவல்ல: உயிரோடு பிடித்து அறுத்தால் மட்டுமே ஆகும். இங்கே நாங்கள் பத்வா சொல்லவில்லை, அதை மௌலவிமாரிடம் கேளுங்கள். எங்கள் பெரியவர்கள் எதன்படி நடந்தார்கள் என்பதை மட்டும் சொல்கிறோம். அவர்கள் அறுக்காததைச் சாப்பிடவில்லை.

இதை வேட்டைக் கண்ணோடு யோசித்துப் பாருங்கள். வீடியோவில் வந்த மனிதருக்கு மான் எங்கே விழுந்தாலும், எப்போது செத்தாலும் கவலை இல்லை. எங்கள் வெடிகாரன் வெடி வைத்த கையோடு துவக்கைக் கூட்டாளியிடம் எறிந்துவிட்டு, முள்ளுக்குள்ளால் விழுந்தடித்து ஓடி, உயிர் போவதற்குள் பிஸ்மில்லாஹ் சொல்லி அறுக்க வேண்டும். ஓடியடையும் தூரத்துக்கு அப்பால் நிற்கிற மிருகம் அவனுக்கு மிருகமே இல்லை. எவ்வளவு நன்றாகக் குறி தெரிந்தாலும் துவக்கைத் தூக்க மாட்டான். அதனால் அவன் வித்தையின் பெரும்பகுதி சுடுவதில் இல்லை, கிட்டப் போவதில் இருந்தது. காற்றுக்கு எதிர்ப்பக்கம் சுற்றி வருவது, மோட்டைக் கரையில் மணிக்கணக்காக நுளம்புக்கும் அசையாமல் இருப்பது, சருகு சத்தம் போடாமல் பாதத்தின் வெளி விளிம்பால் நடப்பது. கயிற்றோடு நடந்த பணிக்கரின் வித்தையும் இதுதானே? கையில் இருந்தது மாறியது, நடை மாறவில்லை.

இன்னொரு பதற்றமும் இருந்தது. அந்தக் காலத்து ஊரில் இரவில் வெடிச் சத்தம் ஒன்று கேட்டால் எல்லா வீட்டிலும் கேட்கும். ஒரு சத்தம் என்றால் அடுப்பை ஏற்பாடு பண்ணலாம். கொஞ்ச நேரம் கழித்து இரண்டாவது சத்தம் கேட்டால், முதலாவது தவறிவிட்டது என்று ஊருக்கே தெரிந்துவிடும். மறுநாள் தேத்தண்ணிக் கடையில் தலைகாட்ட முடியாது. காதருகில் நின்று கத்துகிற கூட்டாளி எதற்கு, ஊரே காதைத் தீட்டிக்கொண்டு இருக்கும்போது.

வேட்டைக்குப் போனவர்கள் நாங்கள் மட்டும் அல்ல. தமிழ்க் கிராமத்து வெடிகாரரும் எங்கள் ஆட்களும் சேர்ந்து போவது வழக்கமாக இருந்திருக்கிறது. வெடி யார் வைத்தாலும், அறுப்பதற்கு எங்களவர் ஓடுவார். அப்போதுதான் பங்கு இரண்டு பக்கத்துக்கும் போகும். பன்றி விழுந்தால் அது அவர்களுக்கு. எங்கள் ஆள் கைகழுவிவிட்டு ஒரு சுருட்டைப் பற்றவைப்பார். பெரியவர் இதைச் சொல்லும்போது அந்தக் கூட்டாளியின் பெயரையும் சொன்னார், பிறகு கொஞ்ச நேரம் பேசவில்லை.

பழகுவதைப் பற்றி மார்க்கத்தில் இருக்கும் இரண்டு செய்திகளை வகுப்பில் பிள்ளைகளுக்கு அடிக்கடி சொல்வோம். ஒன்று, இப்னு உமர் (ரழி) அவர்கள் போகும் வழியில் இளைஞர்கள் சிலர் ஒரு பறவையைக் கட்டிவைத்து அம்பெய்து பழகிக்கொண்டிருந்தார்கள். தவறிய அம்புகள் பறவைக்காரனுக்கு என்று பேச்சு. அவரைக் கண்டதும் சிதறி ஓடினார்கள். உயிருள்ளதை இலக்காக்குகிறவனை நபியவர்கள் சபித்தார்கள் என்று அவர் சொன்னார். கெட்டப்போலோடு திரியும் எங்கள் ஏழாம் ஆண்டுப் பொடியன்மார் இந்த இடத்தில் மட்டும் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பார்கள். மற்றது, உக்பத்திப்னு ஆமிர் (ரழி) அவர்கள் முதுமையிலும் இரண்டு இலக்குகளுக்கு இடையே நடந்து நடந்து அம்பெய்து பழகினார்கள். இந்த வயதில் உங்களுக்கு இது சிரமமில்லையா என்று ஒருவர் கேட்டார். எய்யக் கற்றுவிட்டுப் பிறகு அதைக் கைவிட்டவர் நம்மைச் சேர்ந்தவரல்லர் என்று நபியவர்கள் சொன்னதைக் கேட்டிராவிட்டால் நான் இந்தச் சிரமத்தை எடுக்க மாட்டேன் என்பது அவர்களின் பதில்.

கற்றுவிட்டுக் கைவிட்டவர். இந்தச் சொல் எங்களைக் குத்துகிறது. எங்கள் பெரியவர்கள் கைவிடவில்லை. கையிலிருந்து பிடுங்கப்பட்டது. எண்பதுகளில் நிலைமை இறுகியபோது அனுமதித் துவக்குகள் ஒவ்வொன்றாக வீடுகளை விட்டுப் போயின. பொலிஸில் ஒப்படைத்தவை கொஞ்சம், ஆயுதம் ஏந்திய பிள்ளைகள் இரவில் வந்து கேட்டு வாங்கியவை கொஞ்சம். மிருகத்துக்கென்று வைத்திருந்த பொருள் மனிதரைப் பார்த்துத் திரும்பிய காலம் அது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கின் முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றினார்கள். சுமார் 75,000 பேர். வன்னியிலிருந்து எங்கள் சனமும் கையில் கிடைத்ததோடு நடந்தது. காட்டை யார் தூக்கிக்கொண்டு நடப்பது? புத்தளத்தில் தென்னந்தோட்டமும் உப்பளமும் வெங்காயத் தோட்டமும் இருந்தன. கூலி வேலை இருந்தது. தடம் எடுக்கத் தெரிந்த மனிதர்கள் உப்பு மூட்டை தூக்கினார்கள். அவர்களில் பெரும்பாலோரை அங்கேயே அடக்கினோம்.

2009 க்குப் பிறகு திரும்பி வந்தோம். வளவுக்குள் வீரையும் பாலையும் வளர்ந்து நின்றன. மிதிவெடி அகற்றும் சிவப்புப் பலகைகளுக்கு உள்ளே கால் வைக்க முடியாது. பழைய மோட்டைக்குப் போகும் பாதை எது என்று சொல்ல ஊரில் இரண்டு பேர் மிஞ்சியிருந்தார்கள். இப்போது ஒருவர்.

இன்றைக்கு எங்கள் காடுகளில் வெடிச் சத்தம் இல்லாமல் இல்லை. ஆனால் யாருடைய கண்ணும் பார்க்காத வெடி அது. கட்டுத்துவக்கு: ஒரு குழலை மரத்தோடு கட்டி, பாதைக்குக் குறுக்கே நூலை இழுத்துவிட்டு வீட்டில் போய்ப் படுப்பது. மான் வந்தாலும் வெடிக்கும், மாடு வந்தாலும் வெடிக்கும், விறகுக்குப் போன மனிதன் வந்தாலும் முழங்காலில் வெடிக்கும். அதை விடக் கொடியது ஹக்கபட்டாஸ். தீனிக்குள் வெடிமருந்து வைப்பது. பன்றிக்கு வைத்ததை யானைக்குட்டி கடித்து, தாடை சிதறி, நாட்கணக்கில் தின்னவும் குடிக்கவும் முடியாமல் நின்று சாகிறது. இலங்கையில் யானைகள் சாவதற்கு இன்று முக்கியக் காரணங்களில் இதுவும் ஒன்று. பயிர் அழிகிற கமக்காரனின் வயிற்றெரிச்சல் எங்களுக்குத் தெரியும். எங்கள் வீட்டு வயலிலும் போன போகம் பன்றி இறங்கியது. இருந்தாலும் இவற்றைச் செய்கிறவர்களில் எங்கள் ஆட்களும் இருக்கிறார்கள் என்று கேள்விப்படும்போது, மூன்று வருடம் பை தூக்கிய மனிதரின் முன்னால் போய் உட்காரக் கூச்சமாக இருக்கிறது. ஓடிப்போய் அறுக்க முடியாத தூரத்துக்கு வெடி வைக்காதவரின் பேரப்பிள்ளைகள், ஆளே இல்லாத இடத்தில் வெடி வைக்கிறார்கள்.

நேற்று அஸருக்குப் பிறகு, கேள்வி கேட்ட பொடியனையும் அவன் கூட்டாளிகளையும் பெரியவரிடம் கூட்டிக்கொண்டு போனோம். துவக்கு அவரிடம் இல்லை, 1986 க்குப் பிறகு அவர் ஒன்றைத் தொட்டதும் இல்லை. விளக்குமாற்றுத் தடி ஒன்றைப் பொடியனிடம் கொடுத்து, தோளில் வைக்கச் சொன்னார். நுனியில் ஐந்து ரூபாய்க் குத்தியை வைத்தார். "நான் சொல்லும் மட்டும் அசையாத" என்றார். பிறகு எங்களோடு உரம் விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். கால் மணித்தியாலம் போயிருக்கும். பொடியனின் கை நடுங்கி மூன்று தரம் குத்தி விழுந்தது. மூன்று தரமும் பெரியவர் திரும்பிப் பார்க்காமலே, சத்தத்தை வைத்து, "எடுத்து வை" என்றார்.

நாலாம் தரம் விழவில்லை. மஃரிபுக்கு பாங்கு சொன்ன பிறகுதான் தடியை இறக்கச் சொன்னார்.